எண்பத்தேழு மடங்கு

ஙொய்ய்ய்...

லேசர் கட்டரின் புகைவிசிறி ஓட ஆரம்பித்துவிட்டால் அறைக்குள் யானை வந்தாலும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் இருமல் கேட்டபோதுதான் தையல்காரி திரும்பினாள்.

மாடல் ரயில் கிளப்பின் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். தொழில் பல்செட் செய்வது. பட்டப்பெயரும் அதுதான்.

"மறுபடியும் அதுவா?"

"அதேதான்."

மூடியைத் திறந்தாள். கருகிய மரவாசனை. ஒட்டுப்பலகையில் இருபது குட்டி ஜன்னல்கள், ஓரத்து மீதியில் நீளமாக ஒரு துண்டு. சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு.

கிளப் நடப்பது ஒரு பழைய ரயில்வே பார்சல் ஆபீஸில். உள்ளே பெரிய மேஜையில் அதே ஸ்டேஷன், அறுபது வருஷத்துக்கு முன் இருந்தபடி, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கி நிற்கும். அதிலும் இதே பார்சல் ஆபீஸ், வாசலில் இதே மூன்று படி. அந்தக் குட்டிப் படிகளின் மேல் அவள் ஒரு சரிவை வைப்பாள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் காணாமல் போயிருக்கும். இது ஆறாவது.

"ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? அந்த வருஷம் இங்க சரிவு கிடையாது. இல்லாததை வைக்கக் கூடாது."

"சக்கர நாற்காலியில யாருமே இல்லையாக்கும் அப்ப?"

"இருந்திருப்பாங்க."

"எங்க இருந்தாங்க?"

பல்செட் யோசித்தார். "வெளியதான்."

"இப்பவும் அங்கதான் இருக்கார். எட்டிப் பாருங்க."

வெளியே முற்றத்தில் அவள் கணவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டியவர். மேஜையில் நிற்கிற முன்னூறு பயணிகளும் விரல்கணு உயரம்தான். அத்தனை பேருக்கும் சட்டையும் சேலையும் தீட்டியது அவர். அவர்களில் ஒருவர்கூட மேஜைப் பிளாட்பாரத்தில் நிற்பதை அவர் பார்த்ததில்லை. முற்றத்திலிருந்து பார்த்தால் ஜன்னலில் தெரிவது மின்விசிறி மட்டும்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "பார்சல் ஆபீஸ்தான், ஒத்துக்கறேன். அதுக்காக நான் பார்சல் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

வாசலுக்கு ஒரு சரிவு போடலாமே என்று அவள் கூட்டத்தில் கேட்டாள். பல்செட் ஒரே வரியில் முடித்தார்: "வாடகைக் கட்டடம். ஆணி ஒண்ணு அடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்." பெரிய வாசலுக்கு இல்லை என்றார்களா, சரி, சின்ன வாசலில் வைக்கிறேன் பார் என்று அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இது.

"முதல்ல ஒரு விரலகலம் இருந்துச்சு. இதென்ன இவ்ளோ நீளம்?"

"நீங்க எடுக்க எடுக்க நீளும் சார். கண்ணை உறுத்தணும்ல."

பல்லை அளக்கிற இடுக்கியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அந்தத் துண்டைக் குனிந்து அளந்தார். அவளுக்குச் சுருக்கென்றது.

"பலகையை வீணாக்கிட்டேனான்னு பாக்கறீங்களா? ஜன்னல் வெட்டின மீதி. துணி வெட்டுறவ நான், ஒரு விரல்கடை வீண் பண்ண மாட்டேன்."

"இதையும் எடுத்துடுவேன்."

"எடுங்க. ஏழாவது வெட்டுவேன்."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கேட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலிச் சக்கரங்கள் நின்றன.

"யாரு வெச்சது இது?" என்றார் கணவர்.

மூன்று படிகளையும் மூடிக்கொண்டு முற்றத்தின் பாதிவரை நீண்டு கிடந்தது ஒரு பலகைச் சரிவு. புது மரம். நகராமலிருக்க இரண்டு பக்கமும் மணல்மூட்டை.

அவள் நாற்காலியின் பிடியில் கை வைத்தாள்.

"தள்ளாத. நான் போறேன்."

போனார். நடுவில் நிற்கவில்லை.

வாசலில் பல்செட். இரண்டு விரலில் கட்டு.

"கட்டடத்துக்காரர் சம்மதிச்சாரா சார்?"

"எதுக்கு? ஆணியே அடிக்கலையே. சாத்தி வெச்சிருக்கு. சாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இல்ல."

உள்ளே கணவர் மேஜை விளிம்பில் மோவாயை வைத்துவிட்டிருந்தார். "அந்தப் பச்சைக் குடைக்காரி இங்கயா நிக்கறா?" என்று யாரிடமோ கேட்டார்.

அவள் கண் நேராகக் குட்டி வாசலுக்குப் போனது. மூன்று படி. வெறும் படி.

"ஆறாவதையும் எடுத்துட்டீங்க."

"சொல்லிட்டுத்தான எடுத்தேன்? அந்த வருஷம் இல்ல. அவ்ளோதான்."

"பெரிய வாசலுக்கு வெச்சவங்களுக்குச் சின்ன வாசல்ல என்ன சார் அப்படி வீம்பு?"

பல்செட் குனிந்தார். மேஜைக்கு அடியிலிருந்து, பல்செட் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"மாதிரி வெச்சுப் பாக்காம நான் பல்லே கட்டுறதில்லம்மா" என்றார்.

திறந்தாள். அவளுடைய ஆறு சரிவுகளும் உள்ளே இருந்தன. ஒன்றும் ஒடியவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து.

முதலாவதில், 'சுவர் மாதிரி இருக்கு.' மூன்றாவதில், 'குட்டித் தள்ளுவண்டியை ஏத்திப் பாத்தேன், பின்னால சாயுது.' ஐந்தாவதில், 'இன்னும் கொஞ்சம் கோபம் வரணும்.'

ஆறாவதில், '6 செ.மீ. × 87 = 522 செ.மீ. வாசலுக்குச் சரி.'

கொஞ்ச நேரம் அவள் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏழாவதும் வெட்டுவேன்" என்றாள்.

"வெட்டுங்க. அந்த ஜன்னலை முடிச்சிட்டு."

உப்புத்தாளை எடுத்து மடித்துக்கொண்டு, போன வாரம் வெட்டிய ஜன்னல்களின் கருகிய ஓரங்களை ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.