செம்பட்டை முடி

பத்தேகால் மணி வெயில் ஆசிரியைகள் அறையின் ஜன்னலைத் தாண்டி மெஹ்னாஸின் தலையில் விழுகிறது. ஈரம் இன்னும் காயவில்லை. பின்னல் நுனியிலிருந்து வழிந்த நீர் சீருடையின் தோளை நனைத்திருக்கிறது. முடி மட்டும் செம்பட்டையாகவே மின்னுகிறது. காலை வழிபாடு முடிந்ததும் ஜோசலின் மிஸ்தான் அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய், வகுப்பே பார்க்கச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். "கலர் அடிச்சிட்டு வந்து பொய் வேற சொல்றியா?" எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் மிஸ் என்று அந்தப் பிள்ளை அழுதது அப்போது ஜோசலினுக்குப் பொய்யாகத்தான் பட்டது. கறுப்பு மெலனின் குறைந்து சிவப்பு மெலனின் கூடினால் முடி செம்பட்டையாகும், அது பெற்றோர் வழியாக வருவது என்று போன வாரம் பாடம் நடத்தியவளும் அவள்தான். இப்போது பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்த ஹஃபீசா, கறுப்பு புர்காவில், மகளின் பின்னலைத் தொட்டுப் பார்க்கிறாள். பள்ளி வாசலில் எத்தனையோ முறை பார்த்த முகம். நெற்றிக்கு மேலே எதையும் ஜோசலின் பார்த்ததில்லை. "சார்ங்க யாரும் உள்ள வரமாட்டாங்களே மிஸ்?" என்று கேட்டுவிட்டு ஹஃபீசா கதவைச் சாத்துகிறாள். முக்காட்டில் குத்திய ஊசியைக் கழற்றுகிறாள். துணி சரிய, கூந்தல் வெயிலுக்குள் விழுகிறது. அதே நிறம். தாம்பரம் ஸ்டேஷன் பக்கமிருந்து மின்ரயிலின் ஹாரன் கேட்டு அடங்குகிறது. ஜோசலினின் வாட்ச் பட்டையில், காலையில் சிக்கிய செம்பட்டை முடி ஒன்று இன்னும் இருக்கிறது. கையைப் புடவை மடிப்புக்குள் இழுத்துக்கொள்கிறாள். "போலாம்மா" என்கிறாள் மெஹ்னாஸ். ஹஃபீசா நகரவில்லை. கூந்தலை முன்னால் அள்ளிப் போட்டுத் தலையைக் குனிகிறாள்.

"சோப்பு எங்க மிஸ்? எனக்கும் தேச்சுப் பாக்குறீங்களா?"