நடு முடிச்சு

"தலைவர், முழங்கையைப் பலகையிலயிருந்து எடுங்கோ. நூல் இறுகுது."

லிங்கநகர்க் கழகத் தலைவர் சோமசேகரம் முழங்கையை எடுத்தார். ஆனால் கண்ணைப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

சனசமூக நிலையத்தின் இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம்போலக் கிடந்தது அந்தப் பலகை. அதன்மேல் நில அளவைப் படம் ஒட்டியிருந்தது. லிங்கநகர், அன்புவழிபுரம், பாலையூற்று, ஜமாலியா என்ற நான்கு ஊர்களிலும் ஒவ்வொரு துளை. நான்கு நூல்கள் மேலே ஒரே முடிச்சில் சேர்ந்து, துளைகளின் வழியே கீழே இறங்கித் தொங்கின.

நான்கு ஊர்ப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரே விளையாட்டுத் திடல் அமைக்க அரசாங்கக் கச்சேரி உதவி தருகிறது. இடத்தை இன்றைக்குள் முடிவு செய்யாவிட்டால் அந்த உதவி புல்மோட்டைக்குப் போய்விடும். அதற்காகத்தான் நான்கு ஊர் விளையாட்டுக் கழகங்களும் கூடியிருந்தன.

"ஏன் ஒரே திடல்?" என்றார் சோமசேகரம். "ஊருக்கு ஒண்டாய் நாலு சின்னத் திடல் போடுவம். பிள்ளையள் அவரவர் வாசலில விளையாடட்டும்."

கணக்கு ரீச்சர் இராசமலர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல நிமிர்ந்தாள்.

"இப்ப நாலு இருக்குத்தானே, தலைவர்? ஒண்டில கோல் கம்பம் இருக்கு, வலை இல்லை. இன்னொண்டில வலை இருக்கு, மழை பெய்தால் முழங்காலளவு தண்ணி. இருக்கிற ஒரு ரோலரை மாட்டுவண்டிலில ஏத்தி நாலு ஊருக்கும் இழுத்து முடிக்க மாரி வந்திடும். ஒரே இடமெண்டால் ஒரு கிணறு, ஒரு ரோலர், ஒரு காவலாள் போதும். பெம்பிளைப் பிள்ளையள் வலைப்பந்து விளையாடச் சுத்துமதில் வேணும். நாலு மதில் கட்ட ஏலுமே?"

"அது சரி. காணியை நூல் கட்டித் தேடுறதோ? சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். அலியார் நானா, குண்டுகளைத் தாங்கோ."

ஜமாலியாக் கழகத்து அலியார் சாரத்து மடியை அவிழ்த்து ஈயக்குண்டுகளை மேசையில் கொட்டினார். "என்ர மீன் வலையில கழட்டினது. எண்ணித் திருப்பித் தரவேணும், சொல்லிட்டன்."

"பத்துப் பிள்ளைக்கு ஒரு குண்டு" என்று சொல்லியபடி இராசமலர் நூல் நுனிகளில் கட்டத் தொடங்கினாள். "அன்புவழிபுரத்துக்கு ஏழு. ஜமாலியாவுக்கு ஆறு. பாலையூற்றுக்கு அஞ்சு. லிங்கநகருக்கு நாலு. ஒவ்வொரு ஊரும் முடிச்சைத் தன்ர பக்கம் இழுக்கும். மற்ற மூண்டும் விடாது. இழுபறி முடிஞ்சு முடிச்சு நிக்கிற இடத்தில திடல் வந்தால், எல்லாப் பிள்ளையளும் நடக்கிற தூரத்தைக் கூட்டிப் பாருங்கோ, அதைவிடக் குறைய வேறை ஒரு இடத்திலயும் வராது."

"கரைவலை மாதிரி" என்றார் அலியார். "ரெண்டு பக்கமும் இழுக்க, மீன் விழுந்த வலைமடி நடுவில வரும்."

"ஓம் நானா! அதேதான்."

சோமசேகரம் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "அன்புவழிபுரத்தில எழுபது பிள்ளையளோ? நானறிய ஐம்பதுதான். ரெண்டு குண்டைக் கழட்டுங்கோ."

அன்புவழிபுரக் கழகச் செயலாளர் தங்கத்துரை எழுந்தே விட்டார். "பேர் வாசிக்கட்டோ, தலைவர்? போன கிழமை பிறந்த இரட்டைப் பிள்ளையளை நான் இன்னும் சேர்க்கேல்லை."

"அப்ப லிங்கநகருக்கு ரெண்டு கூடப் போடுவம்."

"உங்கட ஊர்ப் பாசம் ஈயத்தைவிடப் பாரமாய்க் கிடக்கு!" என்றார் தங்கத்துரை.

சபை சிரித்தது. "தலைவர், ரீச்சரோட மல்லுக்கட்டாதையுங்கோ" என்றார் அலியார். "பிறகு பகல் சோறு கிடைக்காது." சிரிப்பு இன்னும் கூடியது. சோமசேகரம் மட்டும் சிரிக்கவில்லை.

"கடற்காத்துக்கு நூல் ஆடுது. இது சரிவராது."

இராசமலர் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினாள். நூல் துளைகளில் சிக்காமலிருக்க மெழுகுதிரியால் ஒரு தரம் தேய்த்தாள். பிறகு முடிச்சை ஓர் ஓரத்துக்கு இழுத்துப் பிடித்து விட்டாள்.

முடிச்சு அன்புவழிபுரத்தை நோக்கி ஓடியது. தயங்கியது. கொஞ்சம் பின்வாங்கியது. அவள் பலகையை மெல்லத் தட்டினாள். இன்னும் ஒரு நூலளவு நகர்ந்து நின்றது.

சோமசேகரம் பெருவிரலால் அதை லிங்கநகர்ப் பக்கம் தள்ளிவிட்டார். விரலை எடுத்ததும் முடிச்சு திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது.

"பார்த்தீங்களே?" என்றாள் இராசமலர். அவள் முகம் மலர்ந்திருந்தது. "நாங்கள் தள்ளினாலும் அதுக்குத் தன்ர இடம் தெரியும்."

தங்கத்துரை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "வாகை மரத்துக் கிணத்துக்கு மேற்கால... ரெண்டு ஏக்கர்... மேட்டு நிலம், தண்ணியும் நிக்காது..." சட்டென்று நிறுத்தி நிமிர்ந்தார்.

அலியாரும் பார்த்தார். அவருடைய குரல் தாழ்ந்தது. "தலைவர், இது நீங்கள் மகளுக்குச் சீதனமாய் எழுதின வளவெல்லோ? வீட்டுக்கு அத்திவாரமும் போட்டாச்சே."

"ஆனியில கலியாணம்" என்றார் சோமசேகரம். "நான் அப்பவே சொன்னனான், நூலும் ஈயமும் வேண்டாமெண்டு."

பலகைக்குக் கீழே ஈயக்குண்டுகள் அசையாமல் தொங்கின.

இராசமலர் பென்சிலை எடுத்து முடிச்சைச் சுற்றி அழுத்தமாக ஒரு வட்டம் போட்டாள்.

"முந்தநாள் எங்கட வீட்டுக் குசினியில கல்லுக் கட்டி மூண்டு தரம் பார்த்ததும் இதே இடந்தானே, அப்பா? என்னைக் கட்டப்போறவரோடயும் கதைச்சிட்டன், அத்திவாரத்தை வேறை இடத்தில போடலாமாம். காணி உறுதிப் பத்திரம் என்ர பேரிலதானே கிடக்கு, கையெழுத்தை எங்க வைக்கிறதெண்டு மட்டும் சொல்லுங்கோ."