சம்பந்தியின் பல்சக்கரம்

கோதண்டபாணிக்கும் சம்பந்தி ஆளவந்தாருக்கும் பழைய பொம்மை ரயில் பைத்தியம். ஆளுக்கொரு கம்பெனி ரயில். "சம்பந்தியோட எஞ்சின் வெறும் தகர டப்பா" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவர் கோதண்டபாணி. போன வாரம் தன் எஞ்சினில் பல்சக்கரம் உடைந்ததும், மகளைப் பார்க்கும் சாக்கில் போய், யாரும் இல்லாத நேரத்தில் அந்தத் தகர டப்பாவைத் திறந்தார். அதன் சக்கரம் தன் எஞ்சினில் கச்சிதமாகப் பொருந்தியது. அட்டைப்பெட்டியில்தான் கம்பெனிப் பெயர் இரண்டு. உள்ளே வார்த்தது ஒரே பட்டறை. பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற மனிதர், உடைந்ததை அங்கே வைத்து மூடிவிட்டு வந்தார்.

இன்று சம்பந்தி வீட்டில் மகளுக்குச் சீமந்தம். பீற்றிக்கொள்ளத் தன் எஞ்சினையும் பையில் கொண்டுவந்திருந்தார். கூட்டத்தின் நடுவே சம்பந்தியின் எஞ்சின் முனகி நின்றது. ஆளவந்தார் கழற்றிப் பார்த்தார்.

"இது என் சக்கரம் இல்லையே! என்னோடதுல மருமக நகப்பாலிஷால ஒரு புள்ளி வச்சிருந்தா."

"எலி ஏதாச்சும்..." என்றார் கோதண்டபாணி.

"எலிக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா சம்பந்தி? உங்க எஞ்சினையும் பார்த்துடுவோமே. கம்பெனியே வேற, என்ன பயம்?"

கோதண்டபாணி பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். கை நிறைய வளையல் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் குனிந்து அதை எடுத்தாள்.

"நான் திறக்கறேன் மாமா" என்றாள், அப்பாவைப் பார்க்காமல்.