கடைசியா இறங்கின டீச்சர்

என்னப்பா, ஸ்கூல்ல மணி அடிச்சா உங்களுக்கெல்லாம் வீட்டு ஞாபகம்தானே வரும்? தீப்பிடிச்சா அடிக்கறதுக்குன்னு ஒரு மணி இருக்குமே, அதைக் கேட்டா என்ன பண்ணணும்? சொல்லுங்க பாப்போம். முழிக்காதீங்க. நீங்க மட்டும் இல்ல, ஒரு கிளாஸே முழிச்சிருக்கு.

ஒரு ஸ்கூல்ல கணக்கு வாத்தியாருக்குப் பசங்க வச்ச பேரு விசில் சார். தீப்பிடிச்சா எப்படி வெளிய வரணும்ங்கற ஒத்திகை எல்லாம் அவர் பொறுப்பு. கழுத்துல எப்பவும் விசில் தொங்கும். தூங்கும்போதாவது கழட்டுவாரான்னு அவர் சம்சாரத்தைத்தான் கேக்கணும்.

ஒத்திகைன்னா சாருக்குக் கால் தரையில நிக்காது. மணி அடிக்கறதுக்கு முன்னாடியே தன் கிளாஸைக் கீழ கூட்டிட்டு வந்து படிக்கட்டுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிடுவாரு. மணி அடிச்சா கிரவுண்டுல அவங்கதான் முதல். முதல்ல வர்ற கிளாஸுக்குக் குடுக்கற கப்பும் அவங்களுக்குத்தான்.

"நான் வாயத் திறந்து சொல்லாம ஒருத்தனும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது. புரியுதா?"

இது அவர் கிளாஸுக்குப் போட்ட சட்டம்.

ஒருநாள் மத்தியானம் நிஜமாவே மணி அடிச்சுச்சு. கீழ கம்ப்யூட்டர் ரூம்ல ஒயர் கருகி, மாடி வரைக்கும் புகை. சார் கையில இருந்த சாக்பீஸைக் கூடப் போடல. விசிலை வாயில வச்சுக்கிட்டு கிரவுண்டுக்குப் பறந்தாரு. ஒத்திகையில அவர் நிக்கிற இடம் அதானே. அங்க நின்னு ஊதினாரு பாருங்க, தெருவே திரும்பிப் பாத்துச்சு.

நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. புகையும் அடங்கிடுச்சு. ஆனா நிர்வாகத்துலேருந்து ஹெச்.எம். மேடத்துக்கு போன் மேல போன். திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமே!

"எப்படி சார் எல்லாரும் இறங்கினாங்க?" மேடம் தன் ரூம்ல சாரைக் கூப்பிட்டுக் கேட்டாங்க.

"கச்சிதமா மேடம். ஒரே ஒரு ஆளைத் தவிர." சார் பக்கத்துல நின்ன டிராயிங் டீச்சரை முறைச்சாரு. "இவங்க கிளாஸ் பசங்க தனியா இறங்கி வர்றாங்க. இவங்க? ஸ்கூலே இறங்கினப்புறம், கடைசி ஆளா, இருமிக்கிட்டு வர்றாங்க. கையெல்லாம் நீலப் பெயிண்டு!"

"ஏம்மா, சின்னப் பிள்ளைங்களைத் தனியா அனுப்பிட்டு மேல என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

டீச்சர் நீலக் கையைக் கைக்குட்டையால தொடச்சுக்கிட்டே விசில் சாரை ஒரு பார்வை பாத்தாங்க. "கொஞ்சம் வேலை இருந்துச்சு மேடம்."

"புகை வரும்போது என்னம்மா வேலை?"

"அதை நான் சொன்னா நல்லா இருக்காது."

"திமிரைப் பாத்தீங்களா மேடம்?" சார் எகிறினாரு. "பெயிண்ட் டப்பாவை மூடி வச்சிட்டு வந்திருப்பாங்க. காஞ்சு போயிடும்ல!"

மேடம் பெருமூச்சு விட்டாங்க. "நீங்க தற்காலிக வேலையில இருக்கீங்கம்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்னு நிர்வாகம் சொன்னா என்னால தடுக்க முடியாது."

அந்தச் சம்பளத்துலதான் டீச்சர் வீட்டுல அடுப்பு எரியுதுன்னு ஸ்டாஃப் ரூமுக்கே தெரியும். அப்பவும் அவங்க கைக்குட்டையை மடிச்சுப் பைக்குள்ள வச்சாங்க, அவ்வளவுதான்.

போன் திரும்ப அடிச்சுச்சு. மேடம் எடுத்தாங்க. சார் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு கிரவுண்டுக்குக் கிளம்பினாரு. தன் பசங்களைத் தட்டிக் குடுக்க வேண்டாமா?

"சபாஷ்டா! நான் பக்கத்துல இல்லாமலே வரிசை கலையாம வந்து நிக்கறீங்க பாரு, இதுதான்டா டிரெய்னிங்!"

ஒருத்தரும் சிரிக்கல.

முன்னாடி நின்ன பொண்ணோட தோள்ல நீலமா ஒரு கை அடையாளம். விரல் விரலா அப்படியே பதிஞ்சிருக்கு. பக்கத்துப் பையன் தோள்லயும் அதே. சார் எட்டிப் பாத்தாரு. வரிசை முழுக்க நீலக் கை.

"என்னடா கூத்து இது? யூனிஃபார்ம்ல யாரு பெயிண்ட் பூசினது?"

"டிராயிங் டீச்சர் சார்."

"அவங்களா? அவங்களுக்கு நம்ம கிளாஸ்ல என்ன வேலை?"

அந்தப் பொண்ணு தயங்கித் தயங்கிச் சொல்லுச்சு. "நாங்க உள்ளயே உக்காந்திருந்தோம் சார். டீச்சர் ஓடி வந்து, எந்திரிங்க எந்திரிங்கன்னு கத்தினாங்க. சார் சொன்னாத்தான் எந்திரிப்போம்னு சொல்லிட்டோம். அப்புறம் ஒவ்வொருத்தரா தோளைப் புடிச்சுத் தூக்கி வெளிய தள்ளிவிட்டாங்க சார்."

"அறிவில்லையாடா உங்களுக்கு? மணி அடிக்குது, புகை வருது..."

பின் வரிசையிலேருந்து ஒரு வாலு குரல் குடுத்துச்சு. "மணி அடிச்சா கிளாஸ்லேருந்து எப்படி சார் வரணும்? நாமதான் எப்பவும் முன்னாடியே படிக்கட்டுக்குப் பின்னாடி வந்துடுவோமே!"

சார் எதையோ ஊதப் போற மாதிரி விசிலைத் தூக்கினாரு. வாய் வரைக்கும் போகல. கீழ விட்டுட்டாரு.

திரும்ப மேடம் ரூமுக்கு ஓடினாரு. டீச்சர் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாங்க. உள்ள மேடம் போன்ல, "சரிங்க, பொறுப்பில்லாம நடந்துக்கிட்டது யாருன்னு பேரு சொல்றேன், எழுதிக்குங்க..."

"மேடம்!" சாருக்கு மூச்சு வாங்குச்சு. "என் பேரைச் சொல்லுங்க. பசங்களை உள்ள விட்டுட்டு முதல் ஆளா ஓடியாந்தது நான்தான்."