ரூல்ஸ் ராஜாவுக்கு ஒரு போட்டோ

“அழிச்சுட்டாம்மா! மறுபடியும் அழிச்சுட்டான்!”

மகள் போனைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது.

“யாரு, அந்த ரூல்ஸ் ராஜாவா?”

“அவனேதான். நான் ஸ்டாப் பேரைக் கண் ஆஸ்பத்திரின்னு மாத்தி வச்சேன். திரும்பப் பழைய மில்லுன்னு போட்டுட்டான்.”

ஊர்க்காரர்களே கூடித் திருத்துகிற மேப் அது. பஸ்ஸுக்குள் அடுத்த ஸ்டாப்பைச் சொல்லும் குரலும் அதிலிருந்துதான் பேரை எடுத்துக்கொள்ளும். மில்லை இடித்துவிட்டு அங்கே கண் ஆஸ்பத்திரி கட்டி வருஷங்கள் ஆகிவிட்டன. குரல் மட்டும் இன்னும் ‘பழைய மில்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

போன வாரம் அம்மா அந்தக் குரலைத்தான் நம்பி உட்கார்ந்திருந்தாள். இப்போது ஆஸ்பத்திரி என்று சொல்லும், இதோ சொல்லும் என்று காத்திருந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டாள். திரும்பி வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். வியாழக்கிழமை பரிசோதனையையும் தவறவிட்டால் ஆபரேஷன் தேதி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“பழைய மில்லுன்னு சொன்னதும் இறங்கேம்மா.”

“பழைய மில், மில் கேட், மில் காலனின்னு வரிசையா மூணு மில்லு வருது. எந்த மில்லுன்னு நான் கண்டேன்? என்கூட இன்னும் ரெண்டு பேரு கடைசி ஸ்டாப்புல இறங்கித் தடவிட்டு நின்னாங்க, பாவம்.”

“அப்ப நான் கூட வரேன்.”

“உனக்கு வேலை இருக்குல்ல? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற நாள் வந்தா நானே சொல்றேன். அதுவரைக்கும் வாயை மூடு. சரி, அவன்தான் என்ன சொல்றானாம்?”

மகள் வெறுப்போடு படித்தாள். “‘ஸ்டாப்புல இருக்கற போர்டுல என்ன எழுதியிருக்கோ அதுதான் பேர். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேர். இஷ்டத்துக்கு வைக்கறதுக்கு இது உங்க வீட்டு நாய்க்குட்டி இல்ல. போர்டு போட்டோ இருந்தா காட்டு.’”

“நியாயமாத்தானேடி பேசறான்? யாரு வச்ச ரூல் அது?”

மகள் போனைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“கேக்கறேன்ல?”

“நான்தாம்மா. ஆளாளுக்கு ‘மில் ஸ்டாப்’, ‘மில்லுக்கு எதிர்ல’, ‘சலூன் பக்கத்துல’ன்னு எழுதி வச்சிருந்தாங்க. ஒழுங்கு பண்றேன்னு போன வருஷம் நான்தான் கொண்டுவந்தேன்.”

அம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

“சிரிக்காத! அவன் தூங்கறப்ப மாத்திப் பாத்தாச்சு. காலையில பத்து மணிக்கு எழுந்து, பல்லுகூட விளக்காம அழிச்சுடறான்.”

“பத்து மணி வரைக்குமாவது நீ வச்ச பேர் இருக்குதில்ல? அதை நினைச்சு சந்தோஷப்படு. போய்க் கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வா. அந்த வாசம் இன்னும் போகல.”

மகள் எழுந்திருக்கவில்லை.

“இருக்கும்” என்றாள் மெதுவாக. “பத்து மணி வரைக்கும் இருக்கும்.”

மறுநாள் மத்தியானம் ரூல்ஸ் ராஜாவுக்கு ஒரு போட்டோ போனது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து: கண் ஆஸ்பத்திரி.

உடனே பதில் வந்தது. ‘பத்து மணிக்குத்தானே நீ மாத்தினதை அழிச்சேன்! இது எப்ப வந்துச்சு?’

‘இன்னைக்குக் காலையில. நேர்ல போய்ப் பாத்துக்கோ.’

ராஜா நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். விட்டால் விரலால் தொட்டும் பார்த்திருப்பான். தொட்டேவிட்டான் என்பது அடுத்த செய்தியில் தெரிந்தது.

‘கையெல்லாம் ஒட்டுது. சரி, எதிர்ப்பக்கம் இன்னும் பழைய மில்லுன்னுதானே இருக்கு?’

‘அதுவும் மாறிடும்.’

‘உனக்கெப்படித் தெரியும்?’

‘ரெண்டு பக்கமும் ஒரே பேர்தானே இருக்கணும்? ரூல் மறந்துபோச்சா, ராஜா?’

பிறகு, ‘போர்டே சொன்னப்புறம் நான் யாரு? நீ ஜெயிச்சுட்ட. நானே மாத்திடறேன்’ என்று வந்தது. மகள் நடுத்தெருவில் நின்று ஒரு குதி குதித்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் போன் அடித்தது.

“சொல்லிடுச்சுடி!” அம்மாவின் குரல் காதைப் பிளந்தது. “‘அடுத்து கண் ஆஸ்பத்திரி’ன்னு கணீர்னு சொல்லிடுச்சு! பாதி பஸ்ஸு எழுந்துட்டோம். ‘என்ன, ஊர்வலமா கிளம்பிட்டீங்க’ன்னு கண்டக்டரு கத்தறான். அன்னைக்குத் தடவிட்டு நின்னாங்களே, அவங்களும் இருக்காங்க. நான்தான் கூட்டிட்டுப் போறேன்!”

“யாரு, நீயா?”

“பின்ன? எனக்குத்தான் வழி தெரியுமே! ஆமா, நீ எங்க இருக்க?”

“வேலையிலம்மா.”

“சரி சரி, பாத்து. கீழ விழுந்து வைக்காத.”

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். எதிர்ப்பக்கத்தில் அம்மா இரண்டு பேரைக் கையில் பிடித்தபடி, ஏதோ கோட்டையைப் பிடித்தவள் மாதிரி ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தது ஏணி உச்சியிலிருந்து நன்றாகவே தெரிந்தது.

அவள் பிரஷ்ஷை வெள்ளை பெயிண்டில் தோய்த்து, இந்தப் பக்கத்துப் பலகையிலும் ‘கண்’ என்று எழுத ஆரம்பித்தாள். பஸ் கம்பெனி பெயிண்டரான அவளுக்கு மேலதிகாரி போன வாரமே உத்தரவு போட்டிருந்தார்: “எல்லா போர்டையும் புதுசா எழுதிடும்மா. என்ன பேர், ஏது பேர்னு என்னைக் கேட்டுட்டு நிக்காத. காலையில வேலையை ஆரம்பிக்கறப்ப அந்த மேப்ல என்ன இருக்கோ, அதையே எழுதிடு!”