பிக்கப்பின் இருமல்

"சத்தம் மாறிடுமாங்க?"

கணேசமூர்த்தி சோற்றில் வைத்த கையோடு மனைவியை நிமிர்ந்து பார்த்தான். "எஞ்சின் மாத்தப்போறேன்னா, வண்டி வேகமா ஓடுமான்னு கேப்பாங்க. நீ சத்தத்தைக் கேக்கறியே?"

"சும்மாதான்" என்றாள் அஞ்சலை.

"பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழட்டிட்டு பட்டறை கபீர் பாய் டீசல் எஞ்சின் வைக்கிறாரு. கார்புரேட்டரே கிடையாது. ஒரு பம்ப், எண்ணெயை அளந்து அளந்து ஊசி போடற மாதிரி உள்ள பீச்சும். சத்தம் பஸ் மாதிரி தடதடன்னு இருக்கும்."

"கோயில் முனைக்கு வந்ததும் இருமி இருமி நிக்குமே, அது?"

அவன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அது இனி இருக்காது."

அஞ்சலைக்குப் பகீரென்றது. ஒரு பழுது சரியாகப்போவதற்காக இப்படிக் கலங்குவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்த இருமல்தான் அவள் தம்பி பொன்னுதுரையை இத்தனை நாள் காப்பாற்றியது. கல்யாணப் பந்தியில் தன்மேல் கைநீட்டியவன் இனி இந்த வாசலை மிதிக்கக்கூடாது என்று கணேசமூர்த்தி ஊரறியச் சொல்லியிருந்தான். வேலை போன பிறகு பொன்னுதுரைக்கு அக்காள் திருட்டுத்தனமாகப் போடும் மதியச் சோறுதான் அன்றைய சாப்பாடு. கிளேபாங் கடற்கரைக் கடைகளில் தேங்காய் இறக்கிவிட்டு வரும் கணவனின் பிக்கப் வண்டி, கோயில் முனையில் இருமும், உறுமும், பிறகுதான் நகரும். அதற்குள் அவன் பாதிச் சோற்றோடு எழுந்து பின்கதவு வழியே ஓடிவிடுவான். மீதி, கோழிகளுக்கு.

தெரிந்துதான் எஞ்சினை மாற்றுகிறாரோ? கணவனின் முகத்தை ஆராய்ந்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"கார்புரேட்டர்ல ஒரு குறையும் இல்ல, வண்டி இருமறதுக்குக் காரணமே இல்லேன்னு கபீர் பாயே சொன்னாராமே. அவர் வீட்டு மும்தாஜ் அக்கா சொன்னாங்க."

"பெட்ரோல் குடிக்குதுலா! ஓடினாலும் குடிக்குது, நின்னாலும் குடிக்குது" என்றபடி எழுந்து கை கழுவினான். "மெர்டேக்காவுக்குள்ள வண்டி வந்துடும்."

வண்டி பட்டறையில் கிடந்த நாட்களில் அவன் மதியம் வீட்டுக்கு வரவில்லை. பொன்னுதுரை பயமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டான். தெருவில் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கொடித்தோரணம் கட்டிக்கொண்டிருந்த அன்று, அவனுக்கு ரசம் ஊற்றும்போது கோயில் முனையில் தடதடவென்று ஒரு சத்தம்.

"யாருக்கா அது?" பாதி எழுந்துவிட்டான்.

"மணல் லாரியா இருக்கும். உக்காருடா. உன் மச்சான் வண்டி நாளைக்குத்தான் வருது."

சத்தம் நகரவில்லை. நின்ற இடத்திலேயே தடதடத்துக்கொண்டிருந்தது. பொன்னுதுரை ரசம் முடித்து, மோர் ஊற்றிப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டான். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டான். பின்கதவு வழியே நிதானமாகப் போனான்.

அவன் வேலியைத் தாண்டியிருப்பான். தடதடப்பு நகர்ந்து, நெருங்கி, வாசலில் வந்து நின்றது. பிக்கப்பிலிருந்து கணேசமூர்த்தி இறங்கினான்.

எச்சில் தட்டு நடுக்கூடத்தில் அப்படியே கிடந்தது.

அவன் குனிந்து தட்டைப் பார்த்தான். ஒரு பருக்கைகூட மிச்சமில்லை.

"டீசல் தேவலாம் அஞ்சலை. முனையில எவ்வளவு நேரம் நின்னாலும் அதிகமா குடிக்கல" என்றான். "இன்னிக்காவது உன் தம்பி வயிறாரச் சாப்பிட்டானா?"