எட்டாம் பக்கம்

"ஒரு செய்தியை நம்பலாமா கூடாதான்னு பசங்களே துருவிப் பார்க்கணும், அதுதான் பாடம். ஆனா முப்பது வருஷப் பழசு எதுக்கு மேடம்?" என்றார் வரலாற்று ஆசிரியர்.

"அந்த வருஷத்துப் பேப்பர் எல்லாம் பைண்டு பண்ணி இங்கேயே இருக்கு சார்," என்றார் பள்ளி நூலகர்.

'மருந்தை மாற்றிக் கொடுத்த கம்பவுண்டர்; சிறுமி பலி' என்ற முதல் பக்கச் செய்தியைப் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கொடுத்தார்கள். "இவனையெல்லாம் சும்மா விடக்கூடாது" என்று பாதிப் பேர் எழுதிவிட்டார்கள். நூலகர் அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஒரு மாணவி மட்டும் அடுத்தடுத்த நாள் பேப்பர்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் இருவர் முன்னும் வந்து நின்றாள்.

"ரெண்டு மாசம் கழிச்சு எட்டாம் பக்கத்துல நாலு வரி போட்டிருக்காங்க சார். மருந்து சரியானதுதானாம். காய்ச்சல் முத்திப்போய்தான் அந்தப் பொண்ணு செத்திருக்கு."

நூலகர் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"பாவம், கம்பவுண்டருக்கு இது தெரிஞ்சிருக்குமா மேடம்?" என்றாள் மாணவி.

"தெரியாதும்மா. முதல் பக்கத்துல வந்த அந்த வாரமே நாங்க ஊரை விட்டு வந்துட்டோம். தேடிப் பார்க்க எனக்கும் தைரியம் வரல." நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்குப் போய் எங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டணும்."